பிள்ளை தனியாகப் பள்ளிக்கு நடக்க: செந்தூல் தெருக்களிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

கோலாலம்பூரின் செந்தூல் பகுதியில் எங்கள் அடுக்குமாடியின் கீழே இறங்கி நின்றால் பள்ளிக்கூட மணி கேட்கும். தூரம் 650 மீட்டர். பெரியவர் நடையில் எட்டு நிமிடம், பையைச் சுமந்துகொண்டு பராக்குப் பார்த்து நடக்கும் பிள்ளைக்குப் பன்னிரண்டு நிமிடம். அந்த 650 மீட்டருக்கு நாங்கள் மூன்று வருடம் காடியில் (காரில்) போனோம். காலை நெரிசலில் சில நாள் இருபது நிமிடம் பிடிக்கும். "நடந்தா சீக்கிரம் போயிடலாமேம்மா" என்று மகன் கேட்கும்போதெல்லாம் என்னிடம் இருந்தது ஒரே பதில்: "ரோடு சரியில்லப்பா."

எந்த இடத்தில் சரியில்லை என்று யாராவது திருப்பிக் கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. பிறகு ஒருநாள் நடந்து பார்த்தேன். 650 மீட்டரில் ஏறக்குறைய 600 மீட்டர் நன்றாகத்தான் இருந்தது. உயிருக்கு ஆபத்தான இடம் இரண்டே இரண்டு. ஒன்றைச் சுற்றுவழியில் தவிர்த்தோம். இன்னொன்றை மாற்ற ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. இப்போது அவன் நான்காம் ஆண்டு, வாரத்தில் நான்கு நாள் கூட்டாளிகளோடு நடந்து போய் வருகிறான்.

ஆகவே இந்த வழிகாட்டி "தெருவைப் பாதுகாப்பாக்குவது" என்ற பெரிய பேச்சிலிருந்து தொடங்கவில்லை. உங்கள் பிள்ளை போகும் வழியில் இருக்கும் அந்த ஒன்றிரண்டு இடங்களைக் கண்டுபிடிப்பதில் தொடங்குகிறது. கோலாலம்பூரில் எந்தப் பேட்டையில் இருந்தாலும் வேலை இதேதான்.

தொடங்கும் முன்: வயதும் சட்டமும்

இங்கிலாந்தில் 1971இல் 7, 8 வயதுப் பிள்ளைகளில் 80 விழுக்காட்டினர் பெரியவர் துணையில்லாமல் பள்ளிக்குப் போனார்கள். 1990இல் அது 9 விழுக்காடு. இருபதே வருடத்தில் பிள்ளைகள் முட்டாளாகிவிடவில்லை, காடிதான் பெருகிவிட்டது. நம் ஊரிலும் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்த என் மாமனார் தலைமுறை எட்டு வயதில் தனியாக நடந்தது. அதைச் சொல்லிக்காட்டி இன்றைய பிள்ளையைத் தெருவில் விடமுடியாது, அந்தத் தெரு இப்போது இல்லை.

வயதைப் பொறுத்தவரை என் கணக்கு இது. ஒன்பது, பத்து வயதுக்கு முன் பெரும்பாலான பிள்ளைகளால் வருகிற வண்டியின் வேகத்தையும் தூரத்தையும் சேர்த்துக் கணிக்க முடியாது. சொல்பேச்சு கேட்கிற பிள்ளையா, கேட்காத பிள்ளையா என்பது இதில் வராது. மூளை இன்னும் அந்த வேலைக்குப் பழகவில்லை, அவ்வளவுதான். அதனால் ஏழு வயதுப் பிள்ளைக்கு விளக்கில்லாத பெரிய சாலையைக் கடக்கச் சொல்லிக்கொடுப்பதில் பயனில்லை. ஆனால் அதே பிள்ளை பெரிய சாலையே குறுக்கிடாத வழியில் பக்கத்துப் புளோக்குக்கோ முனைக்கடைக்கோ தாராளமாகப் போய்வரலாம்.

சட்டத்தையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். சிறார் சட்டம் 2001இன் 33ஆம் பிரிவு, நியாயமான கண்காணிப்பு இல்லாமல் பிள்ளையை நியாயமற்ற நேரத்துக்கு விட்டுவிடுவது குற்றம் என்கிறது. எத்தனை வயதில் தனியாக நடக்கலாம் என்று அதில் எண் கிடையாது, சூழ்நிலையைப் பொறுத்தது. எனவே யார் கேட்டாலும் "இந்த வழி, இத்தனை நிமிடம், வழியில் இன்னின்னார் பார்த்துக்கொள்கிறார்கள்" என்று சொல்லும் அளவுக்குத் திட்டம் இருக்க வேண்டும். கீழே வருவதெல்லாம் அந்தத் திட்டம்தான்.

படி 1: பிள்ளை போகும் அதே நேரத்தில், பிள்ளையின் உயரத்தில் நடந்து பாருங்கள்

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நடந்து பார்ப்பது வீண். பள்ளி நாளில், பிள்ளை கிளம்பும் நேரத்துக்கே கிளம்புங்கள். அப்போதுதான் முதல் உண்மை முகத்தில் அடிக்கும்: இருட்டு.

1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி முன்னே தள்ளப்பட்டது. அதனால் கோலாலம்பூரில் வருடம் முழுக்க சூரியன் எழுவது ஏறக்குறைய 7 மணிக்கும் 7.30க்கும் நடுவில்தான். ஏழரைக்கு வகுப்பு என்றால் 6.45க்கு இறங்கும் பிள்ளை இருட்டில்தான் நடக்கிறது. போதாக்குறைக்கு, முன்பெல்லாம் காடி விளக்கில் பளிச்சென்று தெரிந்த வெள்ளைச் சப்பாத்தும் போயிற்று. 2021 முதல் கறுப்புச் சப்பாத்து கட்டாயம். துவைக்கிற எனக்கு நிம்மதி, ஓட்டுநருக்குப் பிள்ளையின் கால் தெரியாது. கறுப்புச் சப்பாத்து, கருநீலக் கால்சட்டை, பின்னால் கறுப்புப் பை! சைக்கிள் கடையில் ஒளியைத் திருப்பி அடிக்கும் டேப் கிடைக்கும். பையின் பின்புறத்திலும் இரண்டு வார்களிலும் ஒட்டுங்கள். வழியில் எந்த விளக்குக் கம்பம் எரியவில்லை என்பதை அதன் எண்ணோடு குறித்துக்கொள்ளுங்கள். எண் கம்பத்திலேயே இருக்கும், புகார் செய்யும்போது அதைத்தான் கேட்பார்கள்.

அப்புறம் உயரம். ஏழு வயதுப் பிள்ளையின் கண் தரையிலிருந்து சுமார் 1.1 மீட்டரில் இருக்கிறது. கடக்கவேண்டிய ஒவ்வோர் இடத்திலும் நின்று, அந்த உயரத்துக்குக் குனியுங்கள். வெட்கப்படாதீர்கள். நான் ஒரு முனையில் முட்டி போட்டு எட்டிப் பார்த்தபோது ஒட்டுக்கடை அக்கா ஓடிவந்து, "என்னாச்சு, சங்கிலி விழுந்துருச்சா?" என்று கேட்டு என்னோடு சேர்ந்து தரையில் தேடினார். விஷயத்தைச் சொன்னதும் அவரும் குனிந்து பார்த்தார். முனையில் நின்றிருந்த பிக்கப் லோரியின் முன்மூடிதான் எங்கள் இருவருக்கும் தெரிந்தது. அதற்கு அப்பால் சாலை இல்லை, வண்டி இல்லை, சத்தம் மட்டும் இருந்தது. "அடக் கடவுளே, இது வழியா பிள்ளைங்க தெனமும் போவுதே" என்றார். அந்த அக்கா பிறகு இந்தக் கதையில் முக்கியமான ஆளாகிவிட்டார்.

படி 2: வழியை முடிச்சுகளாகப் பிரியுங்கள்

நடந்தபின் ஒரு தாளில் கோடு போட்டு, பிள்ளை நிற்கவோ ஒதுங்கவோ வேண்டிய இடங்களை மட்டும் முடிச்சுகளாகப் புள்ளியிடுங்கள். நம் ஊரில் பெரும்பாலும் இவைதான் வரும்:

- சாலையைக் கடக்கும் இடம், சந்தி மூலை.
- அடுக்குமாடி, பெட்ரோல் நிலையம், பேரங்காடி ஆகியவற்றின் வண்டி வாசல். நடைபாதையை வெட்டிக்கொண்டு வண்டி வெளியே வரும். ஓட்டுநர் வலப்பக்கம் வண்டி வருகிறதா என்று மட்டும் பார்ப்பார், இடப்பக்கமிருந்து நடந்து வரும் பிள்ளையைப் பார்க்கமாட்டார்.
- அஞ்சடியை, அதாவது கடைகளின் முன் நடைபாதையை, அடைத்துக்கொண்டு நிற்கும் மோட்டார் சைக்கிள்கள், மேசை நாற்காலிகள். பிள்ளை சாலையில் இறங்கித்தான் ஏறவேண்டும்.
- மூடியில்லாத லோங்காங் (சாலையோரச் சாக்கடை). வெயில் நாளில் தெரியும். சாயங்கால மழையில் தெருவும் லோங்காங்கும் ஒரே தண்ணீராகிவிட்டால் தெரியாது.
- கட்டுமான வேலி நடைபாதையை விழுங்கிய இடம்.

எங்கள் தாளில் பதினோரு புள்ளிகள் விழுந்தன. ஒன்பது, பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தால் சமாளிக்கக்கூடியவை. இரண்டுதான் எவ்வளவு சொல்லிக்கொடுத்தாலும் போதாதவை. ஒன்று மூடியில்லாத பெரிய வடிகாலை ஒட்டிய குறுக்குவழி. மற்றது கடைவரிசைக்கு முன்னால் இருக்கும் இருவழிச் சாலையைக் கடக்கும் இடம். இப்படி வகை பிரிப்பதுதான் முழு வேலையிலும் முக்கியமானது. எல்லாவற்றையும் சரிசெய்யக் கிளம்பினால் எதுவும் நடக்காது.

கடக்கும் இடம் பிள்ளையால் சமாளிக்கக்கூடியதா என்று எப்படித் தெரியும்? சின்னக் கணக்கு. ஒரு தடம் சுமார் 3.5 மீட்டர். இரண்டு தடம் 7 மீட்டர். பிள்ளை நொடிக்கு ஒரு மீட்டர் நடக்கிறது என்று வைத்தால் 7 நொடி. தயங்கி அடியெடுக்க 2 நொடி. மொத்தம் 9 நொடி. மணிக்கு 50 கிலோமீட்டரில் வரும் வண்டி 9 நொடியில் 125 மீட்டர் வந்துவிடும். அப்படியானால் அந்த இடத்தில், பிள்ளையின் கண் உயரத்தில், இரண்டு பக்கமும் 125 மீட்டர் தெரியவேண்டும். நான் முட்டி போட்டு நின்ற இடத்தில் நாலு மீட்டர்கூடத் தெரியவில்லை. வண்டிகள் 30இல் வந்தால் 75 மீட்டர் தெரிந்தால் போதும். நாலு தடச் சாலை, 60இல் வண்டி என்றால் 260 மீட்டருக்கு மேல் தேவை; விளக்கோ நடுத்திட்டோ இல்லாமல் அதைப் பிள்ளையிடம் ஒப்படைக்காதீர்கள். ஜாலான் ஈப்போ போன்ற சாலையை "பார்த்துக் கட" என்று சொல்லி அனுப்புகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கவேண்டும்.

படி 3: வேகத்தை அளந்து வையுங்கள்

"எல்லாரும் பறக்கிறாங்க" என்று புகார் எழுதினால் யாரும் அசையமாட்டார்கள். எண் வேண்டும். அதற்குக் கருவி தேவையில்லை, கைப்பேசியின் நிறுத்தற்கடிகாரம் போதும்.

சாலையோரம் நேரான பகுதியில் 50 மீட்டரை அளவு நாடாவால் அளந்து, இரு முனையிலும் ஓர் அடையாளத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்: ஒரு விளக்குக் கம்பம், ஒரு தார் ஒட்டு, எதுவானாலும் சரி. வண்டி முதல் அடையாளத்தைத் தாண்டும்போது அழுத்தி, இரண்டாவதில் நிறுத்துங்கள். 6 நொடி என்றால் மணிக்கு 30 கிலோமீட்டர். 3.6 நொடி என்றால் 50. 3 நொடி என்றால் 60. நாங்கள் மூன்று பேர் இரண்டு காலைகளில் நூறு வண்டி எண்ணினோம். 30 என்று பலகை போட்ட பள்ளிப் பகுதியில் 6 நொடிக்கு மேல் எடுத்த வண்டிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் அந்தத் தாளைக் காட்டியபோது அறை அமைதியாகிவிட்டது. அதில் பாதி எங்கள் சொந்தக் காடிகள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

30க்கும் 50க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். பிள்ளை குறுக்கே வந்ததைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி ஆகும். 30இல் வரும் காடி அந்த ஒரு நொடியில் 8 மீட்டர் ஓடி, பிரேக் பிடித்து இன்னும் 5 மீட்டரில் நிற்கும், மொத்தம் 13. 50இல் வரும் காடி அந்த ஒரு நொடியிலேயே 14 மீட்டர் ஓடிவிடும். அதாவது முதல் காடி நின்றுவிட்ட இடத்தில் இரண்டாவது காடி இன்னும் பிரேக்கே பிடிக்கவில்லை, முழு வேகத்தில் போகிறது. அது நிற்க 28 மீட்டர் வேண்டும். இதெல்லாம் காய்ந்த சாலையில். மழையில் இன்னும் கூடும்.

படி 4: சுற்றுவழியைக் கேவலமாக நினைக்காதீர்கள்

கைப்பேசி வரைபடம் காட்டுவது கிட்டத்து வழி. நமக்கு வேண்டியது கடப்புகள் குறைந்த வழி. பெரிய சாலையைக் கடந்தே தீரவேண்டும் என்றால் ஜெஜாந்தாஸ் (நடை மேம்பாலம்) அல்லது விளக்கு இருக்கும் இடத்துக்கு நடங்கள், 200 மீட்டர் கூடினாலும் பரவாயில்லை. ஜெஜாந்தாஸை விடியற்காலையில் ஏறிப் பார்த்தபின் முடிவு செய்யுங்கள்: விளக்கு எரிகிறதா, பக்கச் சுவரில் ஒட்டிய விளம்பரத் தட்டி உள்ளே நடப்பவரை மறைக்கிறதா, மோட்டார் ஏறுகிறதா. நாங்கள் வடிகால் குறுக்குவழியை விட்டுவிட்டு ஆள் நடமாட்டமுள்ள கடைவரிசை வழியைப் பிடித்தோம். மூன்று நிமிடம் கூடியது. முதல் முடிச்சு அவிழ்ந்தது.

படி 5: பள்ளி வாசலில் நாம்தான் ஆபத்து

இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். பள்ளி வாசலில் பிள்ளைகளை மிரட்டுவது வெளியாள் இல்லை. இரண்டாம் வரிசையில் காடியை நிறுத்தி, சாலைப் பக்கக் கதவைத் திறந்து, பிள்ளையை இறக்கிவிட்டு, பின்னால் பார்க்காமல் ரிவர்ஸ் எடுக்கும் நாம்தான். ஒவ்வொருவரும் "என் பிள்ளையை நடக்கவிட முடியாத அளவுக்கு வாசலில் காடி" என்று சொல்லிக்கொண்டே ஒரு காடியைச் சேர்க்கிறோம். மோட்டாரில் ஏற்றிப் போவது பாதுகாப்பு என்று நினைப்பவர்களும் யோசிக்கவேண்டும். நம் நாட்டில் ஆண்டுக்கு 6,000 பேருக்கு மேல் சாலையில் சாகிறார்கள், அவர்களில் பெரும்பாலோர் மோட்டாரில் போகிறவர்கள்.

எங்கள் பள்ளியில் ஒத்துவந்தது இதுதான். பள்ளியிலிருந்து 200 மீட்டர் தள்ளி, நடைபாதை ஒழுங்காக இருக்கும் ஓர் இடத்தை இறக்குமிடமாக வைத்தோம். அங்கிருந்து பிள்ளைகள் கூட்டமாக நடந்து வருவார்கள். முன்னால் ஒரு பெரியவர், பின்னால் ஒருவர். இதை நடைப்பேருந்து என்பார்கள். 1990களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியரான டேவிட் எங்விக்ட் முன்வைத்த யோசனை. பேருந்து என்ற பெயர் பொருத்தமானதுதான், ஏனென்றால் அதற்கு நேரமும் நிறுத்தமும் உண்டு. 6.50க்கு முதல் புளோக், 6.55க்கு கடைவரிசை என்று இருக்கவேண்டும். "எல்லாரும் வந்ததும் கிளம்பலாம்" என்று தொடங்கினால் ஒரே வாரத்தில் செத்துவிடும். எட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் போதும் என்பது எங்கள் அனுபவம். முதலாம், இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் அதிகமென்றால் கூடுதலாக ஒருவர். முறை வைத்துச் செய்தால் ஒருவருக்கு வாரம் ஒரு காலைதான். வேன் ஓட்டும் அண்ணன்களையும் முதல் நாளே கூப்பிட்டுப் பேசுங்கள். நெரிசல் குறைந்தால் அவர்களுக்குத்தான் முதல் லாபம். எங்கள் பக்கம் முதலில் ஒத்துக்கொண்டதும் அவர்கள்தான்.

லண்டனில் நூற்றுக்கணக்கான பள்ளிகளின் முன்னால், மணி அடிக்கும் நேரத்தில் மட்டும் தெருவையே காடிகளுக்கு மூடிவிடுகிறார்கள். நம் ஊரில் அதற்கு மாநகர் மன்றமும் போலீசும் சம்மதிக்கவேண்டும். ஆனால் திருவிழாவுக்குத் தெருவை மூடத் தெரிந்த நமக்கு, அரை மணி நேரம் மூடுவது புரியாத காரியமும் இல்லை.

படி 6: சாலையை மாற்றக் கேளுங்கள், சரியான இடத்தில்

இங்கே நான் மூன்று மாதத்தை வீணாக்கினேன். கடிதம் நல்ல கடிதம்தான்; போன இடம் தவறு. எழுதுவதற்கு முன் சாலை யாருடையது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கோலாலம்பூரில் பெரும்பாலான தெருக்கள் டிபிகேஎல் என்ற மாநகர் மன்றத்தின் பொறுப்பு. கட்டண நெடுஞ்சாலை, அதன் கீழ்ப்பாதை, ஏறுபாதை எல்லாம் அந்தந்த நிறுவனத்தின் பொறுப்பு, அவற்றை மேற்பார்ப்பது நெடுஞ்சாலை வாரியம். ஆறு, பெரிய வடிகால் என்றால் வடிகால் நீர்ப்பாசன இலாகா. அடுக்குமாடி வளாகத்துக்குள் இருப்பது நிர்வாகக் குழுவின் தலைவலி. கட்டுமான வேலி என்றால் அங்கே மாட்டியிருக்கும் பலகையைப் படம் எடுங்கள், குத்தகையாளர் பெயர் அதிலேயே இருக்கும்.

கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசத்தில் சட்டமன்ற உறுப்பினர் கிடையாது, தேர்ந்தெடுக்கப்பட்ட நகரசபையும் கிடையாது. எனவே நகல் போகவேண்டிய இடம் நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையம். இன்னொரு நகல் வட்டாரப் போக்குவரத்துப் போலீசுக்கு.

கடிதம் ஒரு பக்கம். மலாயில் எழுதுங்கள். ஒரு கடிதத்தில் ஒரே ஓர் இடம்; பதினோரு புள்ளிகளையும் கொட்டினால் பதில் பதினோரு இலாகாவுக்குப் போய்ச் சிதறும். இடத்தின் துல்லியமான அடையாளம், காலை 6.45க்கு எடுத்த இரண்டு படம், பிள்ளையின் உயரத்தில் எடுத்த ஒரு படம், நூறு வண்டிகளின் வேகக் கணக்கு, அரை மணி நேரத்தில் கடந்த பிள்ளைகளின் எண்ணிக்கை. இதற்குக் கீழே என்ன வேண்டும் என்பது. "நடவடிக்கை எடுக்கவும்" என்று விட்டுவிடாதீர்கள். லிந்தாசான் பெஜாலான் காக்கி (நடப்பவர் கடப்பு) வேண்டுமா, பொங்கோல் (வேகத்தடை மேடு) வேண்டுமா, சோன் செக்கோலா (பள்ளிப் பகுதி) பலகை வேண்டுமா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பள்ளியின் முத்திரையோடு பெற்றோர் ஆசிரியர் சங்கம் அனுப்பினால் எடை கூடும்.

எதைக் கேட்பது? என் வரிசை இது. முதலில் சந்தி மூலையில் வண்டி நிற்க முடியாதபடி செய்வது. ஐந்தாறு மீட்டருக்குக் கம்பம் நட்டால் போதும், செலவும் குறைவு. அமெரிக்காவின் ஹோபோக்கன் என்ற சிறு நகரம் மற்ற மாற்றங்களோடு இதையும் செய்தது. 2017 தொடங்கிப் பல ஆண்டுகள் அங்கே சாலை விபத்தில் ஒருவர்கூடச் சாகவில்லை. அடுத்தது நடைபாதை மட்டத்துக்கு உயர்த்திய மேடைக் கடப்பு. வெறும் வரிக்கோடு நம் ஊரில் தரையில் போட்ட கோலம் மாதிரிதான். காடி அதன்மேல் ஓடும். மேடாக இருந்தால் யாரும் சொல்லாமலே வேகம் குறையும். நாலு தடம் என்றால் நடுத்திட்டு. 14 மீட்டரை ஒரே மூச்சில் கடக்கும் பிள்ளை, 7 மீட்டரை இரண்டு தடவையாகக் கடக்கும். விளக்கு கடைசியில், அதற்குச் செலவும் காத்திருப்பும் அதிகம்.

நடைபாதையில் கம்பம் நட்டால் மோட்டார் ஏறாது என்று நம்பாதீர்கள். சக்கர நாற்காலி புகும் இடைவெளியில் கப்சாய் என்ற சின்ன மோட்டாரும் புகும். அப்புறம், பொறுமையில்லாமல் நீங்களே சிமெண்ட் குழைத்து ஒரு மேடு போட்டுவிடாதீர்கள். அனுமதி இல்லாதது என்பது ஒரு பக்கம். இருட்டில் அதன்மேல் ஏறி விழப்போகிறவர் காலைப் பேப்பர் போடும் தம்பியாக இருப்பார்.

எங்களுக்கு மூலைக் கம்பங்கள் ஐந்தாம் மாதம் வந்தன. மேடைக் கடப்பு பதினாலாம் மாதம். நடுவில் இரண்டு முறை நேரில் போய் உட்கார்ந்தோம். புகார் எண்ணைத் தொலைக்காதவர்தான் கடைசிவரை பேசமுடியும்.

படி 7: பிள்ளைக்குப் பழக்குவது

சாலை ஓரளவு சரியானபின் இது. ஐந்து கட்டம்; ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஒரு வாரம். முதலில் நீங்கள் வாய்விட்டு யோசித்துக்கொண்டே நடங்கள்: "வாசல்லேருந்து காடி வருதா, கண்ணாடியில ஆள் என்னைப் பார்த்துட்டாரா, சரி, போலாம்." அடுத்து பிள்ளை உங்களுக்கு வழிகாட்டட்டும், நீங்கள் வாயைத் திறக்காமல் பின்னால் போங்கள். மூன்றாவது, இருபது மீட்டர் பின்தங்குங்கள். நான்காவது, முடிச்சு இடத்தில் மட்டும் போய் நில்லுங்கள். ஐந்தாவது, வீட்டில் இருங்கள். இந்த ஐந்தாவது பிள்ளைக்கு எளிது, நமக்குத்தான் கஷ்டம்.

சொல்லிக்கொடுக்க ஆயிரம் இருந்தாலும், நம் தெருவுக்கு நான்குதான் உயிர்நாடி.

ஒன்று, வண்டி நமக்காக நின்றால் சாலை நின்றுவிட்டது என்று அர்த்தமில்லை. அன்பாக நிறுத்திக் கைகாட்டும் காடியின் பக்கவாட்டில் புகுந்து மோட்டார் வரும். என் மகனுக்கு நடந்த ஒரே ஆபத்து இதுதான். ஒரு நல்ல மனிதர் நிறுத்தினார். இவன் நன்றி சொல்லித் தலையாட்டிக்கொண்டே இறங்கினான். இடப்பக்கத்தில் சர்ரென்று ஒரு மோட்டார். பையின் ஓரத்தை உரசிக்கொண்டு போனது. அன்று முதல் விதி: நின்ற காடியின் மூலைவரை நட, அங்கே மறுபடி நில், எட்டிப் பார், பிறகு போ.

இரண்டு, நிறுத்திய வண்டிகளுக்கு நடுவிலிருந்து கடக்கக் கூடாது. வேறு வழியே இல்லையென்றால் வண்டியின் வெளி ஓரம்தான் சாலையின் விளிம்பு. அங்கே வந்து இரண்டாம் முறை நிற்கவேண்டும்.

மூன்று, ஒருவழிச் சாலையிலும் இரண்டு பக்கம் பார். எதிர்த்திசையில் மோட்டார் வரும், சில சமயம் நடைபாதையிலேயே வரும்.

நான்கு, மழையில் குடை வேண்டாம், மழைக்கோட்டு. குடையைச் சாய்த்தால் பிள்ளைக்கு ஒரு பக்கம் முழுதும் மறைந்துவிடும். தெருவில் தண்ணீர் நின்றால் நடக்கவே கூடாது. கடையில் ஏறி நிற்கவேண்டும்.

அதற்குத்தான் கடைகள். வழியில் மூன்று கடைக்காரர்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிள்ளையை அழைத்துப்போய் அறிமுகப்படுத்துங்கள். பெரும்பாலான பள்ளிகளில் கைப்பேசிக்கு அனுமதியில்லை. எனவே உங்கள் எண் பிள்ளைக்கு மனப்பாடமாகத் தெரியவேண்டும், பைக்குள் அட்டையிலும் இருக்கவேண்டும், அந்த மூன்று கடையிலும் இருக்கவேண்டும். "அம்மா அனுப்பினாங்க, வா" என்று யாராவது கூப்பிட்டால் கேட்க ஒரு ரகசியச் சொல் வையுங்கள். எங்கள் சொல்லை இங்கே எழுதமாட்டேன், சாப்பாட்டுச் சாமான்தான். பெரியவர் யாராவது தொல்லை கொடுத்தால் 999. பிள்ளைகளுக்கும் உதவும் தாலியான் காசே (Talian Kasih) எண் 15999.

படி 8: ரயில், பேருந்து

இது படிவம் ஒன்றுக்கு, அதாவது இடைநிலைப் பள்ளிக்கு, போகும் வயதில் வரும். செந்தூலில் கோமுட்டர் என்ற புறநகர் ரயில் உண்டு, எல்ஆர்டி என்ற இலகு ரயில் 1998இல் வந்தது, எம்ஆர்டி என்ற பெருவிரைவு ரயில் 2023இல் வந்தது. எம்ஆர்டி மேடையில் கண்ணாடிக் கதவு இருக்கிறது, கோமுட்டர் மேடையில் கிடையாது. மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நிற்பதை அங்கேதான் பழக்கவேண்டும். பெண் பிள்ளைகளுக்குக் கோமுட்டரில் மகளிர் பெட்டி 2010 முதல் இருக்கிறது. டச் அண்ட் கோ கட்டண அட்டையில் எப்போதும் பத்து வெள்ளியாவது (ரிங்கிட்) இருக்கட்டும். ஒருமுறை வேண்டுமென்றே தவறான நிலையத்தில் இறங்கி, "இப்ப எப்படித் திரும்புவே?" என்று கேளுங்கள். ரயிலில் வழி தவறுவது பயப்படும் விஷயமில்லை. உண்மையான ஆபத்து நிலையத்துக்கு வெளியே, பேருந்திலிருந்து இறங்கி அதன் முன்புறமாகச் சாலையைக் கடப்பதில் இருக்கிறது. பேருந்து போனபின் கட, அவ்வளவுதான்.

படி 9: மாறும் நாட்கள்

பாசார் மாலாம் (இரவுச் சந்தை) போடும் நாளில் தெரு வேறு தெரு. சாமான் லோரிகள் மத்தியானமே வந்து மூலைகளை அடைக்கும். பெருநாளுக்கு முந்தைய வாரங்களிலும் அப்படியே. தெருவைத் தோண்டினால் மறுநாளே வழியை நீங்கள் நடந்து பாருங்கள். அந்த நாட்களுக்கு மாற்று வழி ஒன்று முன்கூட்டியே பேசி வைத்திருக்கவேண்டும்.

கடைசியாக, பிள்ளை வர நேரமானால் என்ன செய்வது என்பதையும் எழுதிவையுங்கள். எங்கள் வீட்டில் பதினைந்து நிமிடம் தாமதித்தால் மூன்று கடைக்கும் போன், அரை மணியானால் நான் வழியில் எதிர்நடை. தனியாக வரத் தொடங்கிய மூன்றாவது வாரம், மத்தியானம் இரண்டு மணிக்கு மழை கொட்டியது. பதினாலாவது நிமிடம் நான் கைப்பேசியை எடுக்க, அதுவே அடித்தது. ஒட்டுக்கடை அக்கா. "தம்பி இங்கதான் நிக்கிறான், மழை விட்டதும் அனுப்புறேன், நீங்க பயப்படாதீங்க." வந்து சேர்ந்தபோது காலுறை இரண்டும் நனைந்திருந்தன, வாயோரம் எண்ணெய். கடனுக்கு இரண்டு வெள்ளிக்குப் பீசாங் கோரெங் (பொரித்த வாழைப்பழம்) சாப்பிட்டிருந்தான். மறுநாள் காலை அந்த இரண்டு வெள்ளியை அவனிடமே கொடுத்தனுப்பினேன்.